அப்பளச் சந்தில் குழாய்க்கு வெள்ளிச் சட்டை

பம்பாயில், செம்பூர் எண்ணெய் ஆலைகளுக்குள் பாம்பு மாதிரி ஓடும் சூட்டுக் குழாய்களில் ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். கை சுடவில்லை என்றால் அதில் பாதிக்குக் காரணம் நான். மீதிப் பாதி, என்னிடம் வேலை படித்தவர்கள் செய்தது. பரேலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பாய்லர் அறைக்குள் முன்பெல்லாம் பனியனோடு கூட நிற்க முடியாது. இப்போது அங்கே மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தின் நீராவிச் சமையலறை, தாணேயில் ஒரு பிஸ்கட் ஆலையின் அடுப்பு, தாராவியில் கணக்கில்லாத சாயப்பட்டறைகள். இதற்கெல்லாம் சூடு கசியாமல் கண்ணாடி இழைக் கம்பளி சுற்றித் தகடு போட்டது இந்தக் கைகள். கோவண்டியில் சொந்தப் பட்டறை போட்டேன். அதை வைத்தே மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். தெற்கே தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியபோது என்னிடம் நாலாம் வகுப்புப் படிப்பும் ஒரு மாற்றுச் சட்டையும்தான் இருந்தன. இந்தி தெரியாது. இங்கிலீஷ் இன்றைக்கும் பாதிதான் தெரியும். தொழிலில் என்னைக் கம்பளி பாய் என்பார்கள். சொந்தப் பெயர் மைதீன் பிச்சை. அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு காரியத்துக்கு வேண்டியிருக்கிறது.

இன்சுலேஷன் வேலைக்கும், எரிசக்தி ஆடிட் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கம்பளியின் கனம் என்ன, தகட்டை எப்படி மடிப்பது என்பதையெல்லாம் பட்டறையில் கற்றுக்கொள்வீர்கள். பட்டறையில் கற்றுக்கொள்ள முடியாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. நம் வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். கூரையில் சோலார் வைத்தால் மாலை போடுவார்கள். புது மின்சார பாய்லர் வந்தால் தேங்காய் உடைப்பார்கள். பழைய குழாயில் வீணாகும் சூட்டை நிறுத்தினால் மட்டும், "ஆமா, நிறுத்தினாய், அதுக்கென்ன?" என்று கேட்பார்கள். ஆனால் ஓட்டை டிரம்மை வைத்துக்கொண்டு இன்னொரு தண்ணி டேங்கருக்கு ஆள் அனுப்புகிறவனை நம் சால் குடியிருப்பில் என்ன சொல்வோம்? எரிசக்தியிலும் அதே கதைதான். ஐரோப்பாவில் இதற்கு ஒரு கொள்கையே வைத்திருக்கிறார்கள். புதிதாக மின்நிலையம் கட்டுவதற்கு முன்பும், புதுக் குழாய் பதிப்பதற்கு முன்பும், புது இயந்திரம் வாங்குவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இதற்குத் தேவைப்படும் சூட்டையும் மின்சாரத்தையும் முதலில் குறைக்க முடியுமா? குறைத்த பிறகு மிச்சம் என்ன வேண்டுமோ அதற்கு மட்டும் புதிதாக வாங்கு. சிக்கனம்தான் முதலில். கரிப்புகையைக் குறைக்கிற திட்டம் எதுவானாலும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்கிறார்கள். இதை முதன்முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். நான் அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் சோறு தின்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மராட்டி மிஸ்திரி. பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. செம்பூர் ஆலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நடப்பார். கையில் மீட்டர் எதுவும் கிடையாது. மழைக்காலம் வந்தால் பூனைகளைப் பார்ப்பார். "மாஞ்சர் எங்கே படுத்திருக்கோ அங்கே லீக்" என்பார். ஈரத்துக்கு ஒதுங்கும் பூனை, சூடு கசியும் இடமாகப் பார்த்துத்தான் சுருண்டு படுக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். ஆனால் உடனே வேலை தொடங்க விடமாட்டார். "பெஹ்லே தேக், ஃபிர் லபேட்" என்பார். முதலில் பார், பிறகு சுற்று என்று அர்த்தம். பூனையையும் பார்த்தாயிற்று, லீக்கையும் பார்த்தாயிற்று, இன்னும் என்னத்தைப் பார்க்கச் சொல்கிறார் இந்த மனுஷர் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குத் தெரிந்தது தாராவியில், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு.

தாராவியில் ஜெபராஜ் அண்ணாச்சிக்கு ஒரு துணி வாஷிங் யூனிட் இருக்கிறது. தைத்து வந்த ஜீன்ஸ்களைத் துவைத்து, நிறம் இறக்கி, நீராவி இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து அனுப்புகிற இடம். நெல்லைச் சீமை ஆட்கள்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். சரக்கு போய்ச் சேருவது ஐரோப்பாவுக்கு. அங்கே துணி வாங்கும் கம்பெனி ஒன்று அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பியது: உங்கள் டீசல் பாய்லரை எடுத்துவிட்டு மின்சார பாய்லர் வைப்பதற்கு நாங்கள் உதவுகிறோம். ஆனால் முதலில் இப்போது வீணாவதை நிறுத்திக் காட்டுங்கள். நிறுத்தாவிட்டால் உதவியும் இல்லை, அடுத்த ஆர்டரும் இல்லை. வந்து பார்ப்பதற்கு இங்ரிட் என்று ஒரு அம்மா வருவார்.

அளந்து சொல்வதற்கு மாட்டுங்காவிலிருந்து வித்யா என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். அவளுடைய தாத்தா காலத்திலேயே இங்கே ஆபீஸ் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கெட்டிக்காரி. யூனிட்டைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டு, "பாய் அங்கிள், பாய்லர் ரூம்லேந்து மாடிக்குப் போற மெயின் பைப், வெளிச் சுவர்ல மொத்தமா நங்காவா நிக்கறது. ஃபர்ஸ்ட் அதை மூடணும்" என்றாள். நானும் பார்த்தேன். யூனிட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் நீளம் முழுக்க, சுவரோடு சுவராக, தலைக்கு மேல் உயரத்தில் அந்த நீராவிக் குழாய் துணியில்லாமல் ஓடியது. மேலே தகரத் தாழ்வாரம். எனக்கு அது ஒரு நாள் வேலை.

ஆனால் பாய்லர் அணைந்து குழாய் குளிர்ந்தால்தானே சுற்ற முடியும்? அண்ணாச்சி பாய்லரை அணைக்க மாட்டேன் என்றார். கடைசியில் ஒரு நாள் கிடைத்தது. ஆடி மாதம், தாராவியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அன்றைக்கு நெல்லைச் சனம் ஒன்றுகூட வேலைக்கு வராது. யூனிட்டுக்கு லீவு, பாய்லருக்கும் லீவு. சந்தும் காலியாக இருந்தது. கதவெல்லாம் பூட்டு, குறுக்கே ஒரு ஆள் இல்லை, ஏணி போட இடம் தாராளம். தூரத்தில் மேளச் சத்தமும் குலவையும் கேட்டுக்கொண்டே இருந்தன. "கொடையைக் கொடுத்த அம்மனே நமக்குச் சந்தையும் காலி பண்ணிக் கொடுத்துட்டாடா" என்று என் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தேன். பொழுது சாய்வதற்குள் குழாய் முழுக்கக் கம்பளி சுற்றி, அலுமினியத் தகடு போட்டு, திருகி முடித்துவிட்டோம். மழைத் தண்ணீரில் அது பளபளவென்று மின்னியது. வித்யா செல்போனில் படம் பிடித்தாள். அவ்வளவு சுத்தமான வேலையை நான் என் காலத்திலேயே பத்துத் தடவைக்கு மேல் செய்ததில்லை.

தம்பிகளே, இங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒரு இடம் வேலைக்கு மிகவும் தோதாகக் காலியாக இருந்தால், ஏன் காலி என்று கேளுங்கள். அந்தச் சந்தை நான் பார்த்ததெல்லாம் ஒன்று யூனிட்டின் ஜன்னல் வழியாக, இல்லாவிட்டால் ஆள் இல்லாத நாளில். ஆள் இருக்கிற நாளில் ஒரு தடவைகூட உள்ளே நடந்து பார்க்கவில்லை.

கொடை முடிந்து யூனிட் ஓடத் தொடங்கியது. டீசல் உடனே குறைந்தது, கண்ணுக்கே தெரிந்தது. அண்ணாச்சி எனக்கு ஸ்பெஷல் சாயா வாங்கிக் கொடுத்தார். பிறகு இரண்டொரு நாள் கழித்து அவரிடமிருந்து போன். "பாய், ஒம்ம வெள்ளிச் சட்டையக் கிழிச்சுப்புட்டானுவ. சீக்கிரம் வாரும்."

போய்ப் பார்த்தேன். கிழிக்கவில்லை, வெட்டியிருந்தார்கள். சந்தின் நீளத்துக்கு, இடைவெளி விட்டு, ஜன்னல் மாதிரி சதுரம் சதுரமாகத் தகட்டை மூன்று பக்கம் வெட்டிக் கதவுபோல மேலே மடித்துவிட்டிருந்தார்கள். திருடனாக இருந்தால் தகட்டைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டிருப்பான். இங்கே ஒரு துண்டுத் தகடுகூடக் குறையவில்லை. உருவிய கம்பளியை அழகாகச் சுருட்டி, கோணிப்பையில் கட்டி, யூனிட் வாசலில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேர் கீழே ஆணி அடித்து ஒரு மூங்கில் கூடை தொங்கியது. கூடையின் முதுகில் அப்பளம்.

அந்தச் சந்துக்கே அப்பளச் சந்து என்றுதான் பெயராம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கேயிருக்கும் பெண்கள் காலையில் அப்பளக் கம்பெனிக்குப் போய்ப் பிசைந்த மாவு வாங்கி வருவார்கள். தேய்த்து, காயவைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. ஈரமாக இருந்தால் திருப்பி விடுவார்கள். திரும்பத் திரும்ப ஈரமாகக் கொண்டுபோனால் மாவு கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். வெயில் காலத்தில் கூடையைச் சந்தில் கவிழ்த்து வைத்தால் போதும். பம்பாய் மழையில் எங்கே காயவைப்பது? அந்த மொட்டைக் குழாய்தான் அவர்களுக்கு மழைக்காலத்துச் சூரியன். நான் அதற்குச் சட்டை போட்டுவிட்டேன்.

கூடைகளுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றவள் பேச்சியம்மாள். சந்துக்கே பேச்சியக்கா. அவள் என்னைக் கேட்டது அப்படியே காதில் நிற்கிறது.

"நீருதானா பாய், இந்தக் குழாய்க்கு மாப்பிள்ளைச் சட்ட தச்சுப் போட்டது?"

"நான்தான். நீங்கதானா அதை வெட்டினது?"

"நாங்கதான். ஒளிச்சா வெட்டுனோம்? பட்டப்பகல்ல, தாயும் பிள்ளையுமா நின்னு வெட்டுனோம். ஒம்ம பஞ்செல்லாம் சாக்குல பத்திரமா இருக்கு, எண்ணிப் பாத்துக்கிடும்."

"அது பஞ்சு இல்லம்மா, கம்பளி."

"என்ன எழவோ, உள்ளங்கை ரெண்டும் அரிக்கி. எங்களக் கேட்டீரா? நாங்க அம்மனுக்குக் குலவ போட்டுக்கிட்டு நிக்கோம், நீரு இங்கன எங்க அடுப்ப அணைச்சிட்டுப் போயிருக்கீரு."

"இது கம்பெனி குழாய். சூடு வீணாப் போவுது, அதத் தடுக்கத்தான்..."

"வீணாவா?" அவள் ஒரு கூடையைக் கழற்றி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். மூடியிருந்த நாட்களில் காயாமல் போன அப்பளம். ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம். "இதுதான் வீணு. மோந்து பாரும். ஏட்டி சொர்ணம், பாய் இன்னும் ஒழுங்கா மோக்கல, இன்னொரு கூடையும் எடு."

சந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிழட்டுப் பூனை அவள் காலடியில், வெட்டிய ஜன்னலுக்குக் கீழே, சுகமாகச் சுருண்டு படுத்திருந்தது. பூனையைப் பார் என்றார் மிஸ்திரி. பூனைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பார் என்பதற்காகத்தான் அவசரப்படாதே என்றிருக்கிறார்.

அண்ணாச்சியின் ஆபீஸில் உட்கார்ந்தோம். அவர் கொதித்துக்கொண்டிருந்தார். இங்ரிட் அம்மா வெள்ளிக்கிழமை வருகிறார். "அந்த அம்மா வந்து இந்த ஓட்டச் சட்டையப் பாத்தா, ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா எழுவது குடும்பம் எங்க போவும்? நான் போலீசச் சொல்லுதேன். இல்லன்னா இரும்பு வல அடிச்சி அந்தச் சந்தையே மறிக்கேன்" என்றார்.

வித்யா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "அங்கிள், ரிப்போர்ட்ல பைப் கம்ப்ளீட்டா கவர்னு எழுதியாச்சு. இப்போ ஓப்பனா இருந்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். ஆனா அந்த பூஞ்சணம் புடிச்ச கூடையை நானும் பார்த்தேன்" என்றாள்.

இப்படி ஒரு நேரத்தில் நம் முன்னால் இரண்டு வழிதான் தெரியும். குழாயை மூடு, பெண்களுக்குப் பிழைப்பு போகட்டும். குழாயைத் திறந்து விடு, யூனிட்டுக்கு ஆர்டர் போகட்டும். முதலாளி பக்கம் சாய்கிறவன் முதல் வழியை எடுப்பான், இளகின மனசுக்காரன் இரண்டாவது வழியை எடுப்பான். இரண்டு பேருமே வேலையைப் பாதியில் விட்டவர்கள். நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன், என் வாழ்க்கையின் நல்ல முடிவுகளில் அது ஒன்று. "அண்ணாச்சி, குழாயை மூடித்தான் ஆகணும். ஆனா பேச்சியக்காவுக்கு வேற சூடு காட்டுற வரைக்கும் ஒரு ஜன்னலையும் நான் அடைக்க மாட்டேன்" என்றேன்.

"வேற சூட்டுக்கு எங்க போவீரு? ஒம்ம வீட்டு அடுப்புக்கா?"

"இங்கேயே தேடுறேன். வீண் எதுன்னு அளந்தோம். அதுல ஒண்ணு வீண் இல்லைன்னு ஆச்சு. அப்போ உண்மையாவே வீணாப் போறது வேற எங்கேயோ இருக்கணும்."

யூனிட்டை மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை கூடவே பேச்சியக்காவையும் அழைத்துப் போனேன். அண்ணாச்சிக்கு முகம் சுண்டியது. அவள் அத்தனை வருஷம் அந்தச் சுவருக்கு வெளியே இருந்தவள், உள்ளே வந்ததே இல்லை. பெரிய துவைப்பு மெஷின்கள் சுற்றி ஓய்ந்ததும் ஒவ்வொன்றும் வயிற்றிலிருந்த நீலத் தண்ணீரைத் தரை வாய்க்காலில் கக்கியது. ஆவி பறந்தது. அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு துள்ளி விலகினாள். "ஏ ஆத்தா, சுடுது! இம்புட்டுச் சுடுதண்ணியும் எங்க போவுது?"

"கட்டருக்கு."

"கட்டருக்கா? கட்டர்ல ஆருக்குப் பிள்ளப்பேறு?"

அதுதான். அந்தச் சூட்டை நம்பி ஒரு பூனைகூட இல்லை. நேரே சாக்கடைக்குப் போனது. அந்த நீலத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவதற்கு முன்னால் மூடிய குழாய் வழியாக ஓர் அறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால், சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் தன் வழியே போகும். டீசல் ஒரு சொட்டு கூடுதலாக வேண்டாம். யோசனை என்னுடையது. கேள்வி பேச்சியக்காவுடையது.

அறைக்கு எங்கே போவது? தாராவியில் சூடு கிடைத்துவிடும், இடம் கிடைக்காது. வாய்க்கால் வெளியேறும் மூலையில், சந்தைப் பார்த்து, அண்ணாச்சி அட்டைப்பெட்டி அடுக்கி வைத்த ஓர் அறை இருந்தது. கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பாய், ஒரு கை எடம்னா இங்க என்ன வெலன்னு ஒமக்குத் தெரியாதா? சும்மா தூக்கிக் குடுக்கச் சொல்லுதீரு!"

"அண்ணாச்சி, ஒங்க ஜெப அறையையா கேட்டேன்? பெட்டி ரூம்தானே. பெட்டிய மேல பரண் போட்டு அடுக்கித் தாரேன், என் செலவுல."

"கொடுத்தா, நாளைக்கு எங்களுக்குத்தான் சொந்தம்பாவ."

வாசலில் நின்றிருந்த பேச்சியக்கா உள்ளே தலை நீட்டினாள். "அண்ணாச்சி, மழை விட்டா ஒங்க ரூமு எங்களுக்கு எதுக்கு? உள்ள உக்காந்து வேகவா? சாவிய நீங்களே வச்சிக்கிடுங்க. சித்திரை வெயிலுக்கு நீங்க கூப்புட்டாலும் நாங்க வரமாட்டோம்."

அண்ணாச்சி மேசையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்தார். அந்த மனுஷரை நான் அதுவரை கஞ்சன் என்று நினைத்திருந்தேன்.

என் ஆட்கள் பம்பரமாகச் சுற்றினார்கள். பழைய குழாய்களை வளைத்துத் தரைக்கு மேல் சுருள் போட்டோம். நூலும் பஞ்சும் அடைக்காமலிருக்க முன்னால் ஒரு சல்லடை வைத்தோம். பேச்சியக்கா குனிந்து ஒவ்வொரு குழாய் இணைப்பையும் முகர்ந்து பார்த்தாள். "ஒங்க ஜீன்சுச் சாயம் எங்க அப்பளத்துல ஏறாதே? பொறிச்சா நீலமா வரப்போவுது!" என்றாள். இணைப்பு ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைத் துணி விரித்துக் காட்டினேன். ஒரு பொட்டு நீலம் விழவில்லை. கூடைகளை அடுக்கிக் கதவைச் சாத்தினோம்.

காயவில்லை. சூடு இருந்தது, ஆனால் அப்பளம் வியர்த்துப் போய் இன்னும் ஈரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. இன்னும் இரண்டு சுருள் போடலாம் என்று நான் குழாய்க்கு ஆள் அனுப்பப் போனேன். வித்யா தடுத்தாள். "வேண்டாம் அங்கிள். சூடு போதும். ஈரம் வெளில போக வழி இல்லை. மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை, தட்ஸ் ஆல்" என்றாள். மேலே தகரத்தில் ஒரு புகைபோக்கி, கதவின் அடியில் ஒரு கம்பி ஜன்னல். காற்று கீழே நுழைந்து மேலே ஏறியது. சாயங்காலம் பேச்சியக்கா ஒரு அப்பளத்தை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தாள். படக்கென்று சத்தம். அந்தச் சத்தம்தான் எங்களுக்குச் சர்டிபிகேட். புகைபோக்கி யோசனை வித்யாவுடையது, என்னுடையது என்று சொல்லமாட்டேன். எனக்குச் சொந்தமாகவே நிறைய இருக்கிறது.

அதற்கப்புறம்தான் ஜன்னல்களை அடைத்தேன். புதுத் தகடு போடவில்லை. வெட்டிய துண்டையே மடக்கி, மேலே ஒட்டுத் தகடு வைத்துத் திருகினேன். ஒட்டு தெரியட்டும் என்றே விட்டேன்.

வெள்ளிக்கிழமை இங்ரிட் அம்மா வந்தார். உயரமான மனுஷி, மழையில் குடையை மறந்துவிட்டு நனைந்தபடி சந்துக்குள் நடந்தார். ஒட்டுகளைப் பார்த்து என்ன என்று கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் வித்யாவைப் பார்த்தேன். வித்யா மறைக்காமல் முழுக் கதையையும் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா அப்பள அறைக்குள் போய்த் தரையில் குந்தி உட்கார்ந்து சுருளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். தொழில் தெரிந்த தொடல். உள்ளங்கையால் தொடுகிறவன் புதுசு.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கட்டமாகத் துணியைக் குறைந்த சூட்டில் துவைக்கும் முறை வரப்போகிறது, அதுவும் சிக்கனம்தான், அதைச் செய்துதான் ஆகவேண்டும். அப்போது இந்தத் தண்ணீர் ஆறிப்போய்த்தானே வரும்? அன்றைக்கு இந்தப் பெண்களுக்கு என்ன பதில்?

நான் அதை யோசித்திருக்கவில்லை. வீணாகும் சூட்டை நம்பி ஒரு பிழைப்பைக் கட்டிவிட்டு, அந்த வீணான சூட்டையும் நிறுத்தப்போகிறோம். பேச்சியக்கா வித்யாவின் கையைப் பிடித்து, "என்னம்மா கேக்காவ? மறுபடியும் மூடப்போறாவளா?" என்றாள்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், வித்யா மொழிபெயர்த்தாள். "அம்மா, குழாயிலேர்ந்து சந்துக்குக் கசிஞ்சதுல பெரும்பகுதி வீண்தான், ஆகாசத்துக்குப் போச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு சின்னப் பங்கு தேவை. தேவைன்னு யாரும் எழுதாததால அதுவும் வீண் கணக்குல கெடந்தது. சிக்கனம் முதல்லன்னு சொல்றீங்க, சரி. வீணானதைக் கழிக்கும்போது தேவையையும் சேத்துக் கழிச்சிடக் கூடாது. புது பாய்லருக்கு அளவு எடுக்கும்போது இஸ்திரிக்கு இவ்வளவு, துவைக்க இவ்வளவுன்னு எழுதுவீங்கல்ல? அதுல அப்பளத்துக்கு இவ்வளவுன்னு ஒரு வரி எழுதுங்க."

அவர் உடனே ஆமாம் சொல்லவில்லை. தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே பழைய வீடுகளுக்குக் குளிர் தாங்கும் சுவர் போட்டுக் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சில இடங்களில் சுவர் போட்டதும் வாடகை ஏறி, அதில் குளிரில் கிடந்தவர்களே வெளியே போகவேண்டியதாயிற்று. "கணக்கு சரியாக வந்தது, ஆட்கள் காணாமல் போனார்கள்" என்றாராம். அங்கேயும் அப்பளச் சந்துகள் இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நம் மழை மாதிரி அவர்களுக்குக் குளிர். பிறகு எழுந்து, பேச்சியக்காவிடம் எத்தனை கூடை, எந்தெந்த மாதம், எத்தனை வீடு என்று வித்யா மூலமாகத் தானே கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த வரி திட்டத்தில் ஏறியது. ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை. வீணெல்லாம் கழிந்த பிறகு பார்த்தால், அண்ணாச்சி முதலில் கேட்ட பாய்லரைவிட மிகச் சின்ன பாய்லரே போதும் என்று வந்தது, அப்பளத்தையும் சேர்த்து. கூரையில் சோலாரும் அதற்கேற்ற அளவுதான். முதலில் கேட்டதையே வாங்கியிருந்தால், நாம் ஓட்டைக்கென்றே ஒரு மின்சார பாய்லர் வாங்கியிருப்போம்.

ஆகவே புதிதாக வந்தவர்களே, மீட்டரை எடுப்பதற்கு முன்னால் சந்துக்குள் நடங்கள். கொடை நாளில் நடக்காதீர்கள், ஆள் இருக்கிற நாளில், மழை பெய்கிற நாளில் நடங்கள். வீண் என்று எழுதுவதற்கு முன்னால் அந்தச் சூட்டில் என்ன காய்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு இரக்கப்பட்டுத் திறந்து விட்டுவிட்டும் வராதீர்கள். மூடுங்கள், ஒழுங்காக மூடுங்கள். ஆனால் மாற்று வழி கையில் வந்த பிறகு மூடுங்கள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். வித்யா தன் செல்போனில் ஒன்று காட்டினாள். ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தில் அப்பளச் சந்தின் படத்தைத் திரையில் போட்டிருக்கிறார்கள். சிக்கனம் முதலில் என்பதற்கு நல்ல உதாரணமாம். படத்துக்குக் கீழே துணி வாங்கும் கம்பெனியின் பெயர் இருந்தது, ஆடிட் கம்பெனியின் பெயர் இருந்தது, அண்ணாச்சியின் யூனிட் பெயர் இருந்தது. படத்தின் நடுவே பளபளவென்று என் குழாய். அதைச் சுற்றியவன் பெயர் இல்லை. வெட்டியவள் பெயரும் இல்லை. வித்யாவுக்கே அது சங்கடமாக இருந்தது. "நான் சொன்னேன் அங்கிள், இடம் இல்லைன்னுட்டா" என்றாள்.

இடம் இல்லையாம். தாராவியில் இடம் கண்டுபிடித்தவனிடம் சொல்கிறார்கள்.

புது பாய்லர் வந்து இறங்கப்போகிறது. நிச்சயம் ரிப்பன் வெட்டுவார்கள், உங்களில் பலரையும் கூப்பிடுவார்கள். போங்கள், கை தட்டுங்கள். ஆனால் என் கோரிக்கை இது, இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறேன். ரிப்பனுக்கு முன்னால் வந்தவர்களைச் சந்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஒட்டுத் தகட்டைக் காட்டுங்கள். அங்கே பெயர் எழுதி ஒட்டுங்கள், தமிழிலும்: வெட்டியவர் பேச்சியம்மாள், மூடியவர் மைதீன் பிச்சை. பித்தளைப் பலகை வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். சாதாரணக் காகிதத்தில் எழுதி நேரே குழாயின் மேலேயே ஒட்டுங்கள். உள்ளே நீராவி ஓடும்போதே ஒட்டுங்கள்.

நான் சுற்றிய குழாயின் மேல் ஒட்டிய காகிதம் கருகாது.